முறை தவறிய போர்: வேட ஆட்டங்களில் நேரமும் வழியும்

கணினியிலும் கைபேசியிலும் ஆடும் வேட ஆட்டங்களைப் பற்றி, அதாவது ஆர்பிஜி என்று இளைஞர்கள் சொல்லும் வகையைப் பற்றி, பல ஆண்டுகளாக இரண்டு வழக்குகள் தீராமல் கிடக்கின்றன. சண்டை ஆளுக்கொரு முறை என்று நின்று நடக்க வேண்டுமா, ஓடும் நேரத்தோடு ஓடியே நடக்க வேண்டுமா என்பது ஒன்று. கதை ஒரே தடத்தில் போகலாமா, ஆடுபவரின் முடிவுக்கேற்பக் கிளை பிரிய வேண்டுமா என்பது மற்றொன்று. ‘டர்ன் பேஸ்டு’ என்பதை முறையாட்டம் என்றும், எதிரி நமக்காகக் காத்திராத ‘ரியல் டைம்’ சண்டையை உடனடி ஆட்டம் என்றும் இங்கே சொல்கிறேன். இந்த இரண்டு வழக்கையும் தனித்தனியாக நடத்துவதுதான் வழக்கம். எனக்கு அவை ஒரே வழக்காகத் தெரிகின்றன. ஆடுபவர் தீர்மானம் செய்யும் இடம் எது, அந்த இடத்தை ஆட்டம் அவருக்கு விட்டுக்கொடுக்கிறதா என்பதுதான் இரண்டின் அடியிலும் உள்ள கேள்வி. அதற்கான சான்றுகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மட்டும் இல்லை. தாயக்கட்டையும் ஆடுபுலியும் கபடியும் தெருக்கூத்தும் புழங்கிய புதுச்சேரியின் ஊர்ப்புறத்தில், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், பழைய சான்றுகள் நிறையவே இருக்கின்றன. அவற்றையும் சாட்சிக்கூண்டில் ஏற்றித்தான் இந்த வழக்கைப் பார்க்க வேண்டும்.

முறையாட்டம் பழைய கருவிகளின் இயலாமையால் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அன்றைய கணினிக்கு வேகம் போதவில்லை, அதனால் நிறுத்தி நிறுத்தி ஆடினார்கள், இப்போது வேகம் வந்துவிட்டது, இனி அது எதற்கு என்கிறார்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978-லும் பேக்-மேன் 1980-லும் வந்தன. இரண்டிலும் எதிரி ஒரு கணம்கூட நமக்காக நிற்பதில்லை. நின்டென்டோவின் ஃபேமிகாம் பெட்டியில் 1985-ல் சூப்பர் மரியோ ஓடிக் குதித்துக்கொண்டிருந்தார். அதே பெட்டிக்காக 1986-ல் யூஜி ஹோரி அமைத்த டிராகன் குவெஸ்டில் சண்டை முறைவைத்து நடந்தது. மறு ஆண்டு வந்த ஃபைனல் ஃபேன்டசியும் அப்படியே. ஓடவிடக்கூடிய கருவியில் நிறுத்தி ஆடவைத்தார்கள் என்றால் அது தெரிந்து செய்த தேர்வு. அந்தத் தேர்வின் வேர் கணினிக்கு வெளியே, மேசைமேல் இருந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், காகிதமும் பகடையும் வாய்ப்பேச்சும் கொண்டு ஆடுவது. அது 1971-ல் வந்த செயின்மெயில் என்ற போர்விளையாட்டிலிருந்து வளர்ந்தது. அந்த வகைப் போர்விளையாட்டுக்குப் பாட்டனார் என்று சொல்லத்தக்கது, பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் ஒழுங்குபடுத்திய கிரீக்ஸ்ஷ்பீல். அதில் ஒரு முறை என்பது களத்தில் 2 நிமிடத்துக்குச் சமம்.

போரை இப்படித் துண்டு துண்டாக நறுக்கியதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1752-ல் பாகூரில் மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் நடத்திய ஆங்கிலேயப் படையும் கெர்ஜான் நடத்திய பிரெஞ்சுப் படையும் மோதின. பிரெஞ்சுப் படை தோற்றது. அந்தக் காலத்துத் துப்பாக்கி ஒரு தடவை வெடித்தால், மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்து மறுபடி சுடும்வரை அதை வைத்திருப்பவன் நின்றாக வேண்டும். படைவரிசை ஒன்றாகச் சுடும், பிறகு எதிர்வரிசையின் குண்டுகளை வாங்கிக்கொண்டு காத்திருக்கும். எப்போது சுடுவது, எத்தனை அடி நெருங்கவிட்டுச் சுடுவது என்ற ஒரே தீர்மானத்தில் உயிர்கள் தொங்கின. ஈட்டிமுனையோடு கைகலப்பில் இறங்கியபின் முறை என்ற ஒன்று கிடையாது. உடம்பின் வேகம் மட்டும்தான். ஆக ஒரே போருக்குள்ளும் முறை இருந்தது, முறையற்ற நேரமும் இருந்தது. படைத்தலைவர்களுக்குப் பயிற்சி தர வந்த விளையாட்டு முதல் பகுதியை எடுத்துக்கொண்டது, ஏனென்றால் தலைவனின் வேலை அங்கேதான் இருக்கிறது.

முறை இருந்தால் சிந்தனையும் இருக்கும் என்று முறையாட்டத்தை விரும்புகிறவர்கள் சொல்வதுண்டு. இதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. நம் வீடுகளில் ஆடும் மூன்று ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதத்தில் ஒழுங்காக முறை வருகிறது. ஆனால் ஆடுபவர் தீர்மானிக்க அதில் எதுவுமே இல்லை. விழுந்த எண்ணுக்குக் காய் நகரும், ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். அது வினைப்பயனைச் சொல்ல வந்த ஆட்டம். தீர்மானம் இல்லாததே அதன் பொருள். தாயத்தில் கட்டையை உருட்டுவது விதி, காயை நகர்த்துவது மதி. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஆனால் விழுந்ததை எந்தக் காய்க்குப் போடுவது, வெட்டுவதா, மலையில் ஏறிப் பதுங்குவதா, பழம் எடுக்க ஓடுவதா என்பது ஆடுபவர் கையில். ஆடுபுலியில் பகடையே கிடையாது. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. புலி தாண்டி வெட்டும், ஆடு சேர்ந்து நின்று புலியைக் கட்டும். எல்லாமே தீர்மானம். மூன்றும் முறையாட்டங்கள்தாம் என்றாலும் மூன்றும் மூன்று உலகம். இருபது மணி நேரம் ஒரே பொத்தானை அழுத்தி ஒரே பூதத்தை நூறு தடவை அடிக்கவைக்கும் வேட ஆட்டங்கள் பல உண்டு. முறையாட்டம் சலிக்கிறது என்ற குற்றச்சாட்டு அவற்றைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. அவை வினைப்பயனின் பொருளும் இல்லாத பரமபதங்கள்.

அதேபோல் உடனடி ஆட்டத்தில் முறையே இல்லை என்பதும் சரியில்லை. இதற்குக் கபடியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பாடிப்போகிறவர் ஒருவர், அவர் திரும்பியபின் எதிரணியிலிருந்து ஒருவர் பாடிவர வேண்டும். வெளிச்சட்டம் முழுவதும் முறை. அந்த முறைக்குள் நடப்பதோ மூச்சுக்கும் காலுக்கும் கைக்கும் இடையிலான உடனடிப் போர். அன்று மூச்சு அளந்த நேரத்தை இன்றைய போட்டிகளில் 30 விநாடிக் கடிகாரம் அளக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி 4 ஆட்டத்துக்காக 1991-ல் ஹிரோயுகி இடோ வடிவமைத்த சண்டை முறை இதற்கு நெருங்கிய உறவு. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிரம்பும். நிரம்பியவருக்கு முறை வரும். அவர் யோசித்துக்கொண்டே இருந்தால் எதிரியின் பட்டையும் நிரம்பிக்கொண்டிருக்கும். கடிகாரம் வைத்து ஆடும் சதுரங்கமும் இந்தக் குடும்பம்தான். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு, நல்ல நிலையில் இருந்தும் கடைசி நிமிடங்களில் கை தடுமாறுவது எப்படி இருக்கும் என்பது தெரியும். 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் வேறொரு வழி கண்டது. சண்டை தானாக ஓடும், ஆடுபவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக் கட்டளை இடலாம். இரு படைகளும் சங்கூதி நின்றபின் நடுவில் தேரை நிறுத்திப் பதினெட்டு அத்தியாயம் பேசிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. பிரான்சின் மோன்பெலியே நகரத்துக் குழு 2025-ல் வெளியிட்ட எக்ஸ்பெடிஷன் 33-ல் முறைவைத்துத்தான் சண்டை. ஆனால் எதிரியின் முறையில் வரும் அடியைச் சரியான கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்கலாம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே கதைதான். 2011-ல் வந்த டார்க் சோல்ஸ் முழு உடனடி ஆட்டம் என்றாலும், அதில் தேறியவர்கள் எதிரி ஓங்கும் தோரணையைப் படித்து, அவன் அடித்து ஓயும் இடைவெளிக்காகக் காத்திருப்பார்கள். அட்டவணையில் எழுதாத முறை அங்கே இருக்கிறது.

பிரிவினைக் கோடு இவ்வளவு மங்கலாக இருந்தால் வழக்கே தேவையில்லையே என்று கேட்கலாம். தேவைதான், காரணம் வேடம். ஆர்பிஜி என்பதன் முதல் எழுத்து வேடத்தைக் குறிக்கிறது; வேடம் கட்டுபவரும் வேடமும் வேறு வேறு. கூத்தில் வீமனாக வருபவர் பகலில் கழனியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். கட்டையும் புஜகீர்த்தியும் ஏறியபின் அவரிடம் ஊர் எதிர்பார்ப்பது வீமனின் பலத்தை. அவருடைய பலத்தை எவரும் அளப்பதில்லை. வேட ஆட்டத்திலும் பாத்திரத்துக்கென்று வலிமை, சுறுசுறுப்பு, அறிவு என எண்கள் உண்டு. விரல் தளர்ந்த ஒருவர் மின்னல்வேக வில்லாளியாக ஆட அந்த எண்கள் இடம் தருகின்றன. முறையாட்டத்தில் அம்பு குறி தப்பினால் அது பாத்திரத்தின் திறனும் பகடையும் சேர்ந்து செய்தது; அந்த அம்பை எய்யச் சொன்ன முடிவு ஆடுபவருடையது. முழு உடனடி ஆட்டத்தில் வில்லாளியின் சுறுசுறுப்பு ஆடுபவரின் கட்டைவிரலுக்கு மேல் போகாது. வேடத்துக்குள்ளிருந்து கட்டியவரின் உடம்பு வெளியே தெரிந்துவிடுகிறது. கபடிக்கு அது நியாயம், ஏனெனில் கபடியில் யாரும் வேடம் கட்டவில்லை. வேட ஆட்டத்துக்கு அது ஓர் இழப்பு.

அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது சிறிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். டேவிட் பிரெவிக் 1990-களின் நடுவில் டயாப்ளோவை முறையாட்டமாகத்தான் செய்துகொண்டிருந்தார். வெளியிடவிருந்த பிளிசார்டுக்காரர்கள் உடனடி ஆட்டமாக மாற்றச் சொன்னபோது முதலில் மறுத்தார். பிறகு சில மணி நேரத்தில் மாற்றிப் பார்த்து, சுட்டியால் ஒரு எலும்புக்கூட்டைத் தொட்டதும் வீரன் நடந்துபோய் அதை அடித்து நொறுக்கியதைக் கண்டு மனம் மாறியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கைக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி இல்லாத அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஓடிப்பிடித்து ஆடும் பிள்ளைக்குத் தெரிந்த மகிழ்ச்சி அது. டயாப்ளோவின் கிளர்ச்சி அங்கேதான் இருந்தது, கதாநாயகனின் மனத்துக்குள் இல்லை. எதை அடைய எதை விடுகிறோம் என்று தெரிந்து செய்தால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வேகமே வளர்ச்சி என்று பெயர் சூட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

இந்த இடத்தில் தமிழ்ச் சொல் ஒன்று பெரும் வெளிச்சம் தருகிறது. முறை என்றால் நமக்கு வாய்ப்பின் வரிசை. அதுவே நீதி, அதுவே உறவு, அதுவே ஒழுங்கு. முறை தவறியவன் என்றால் வரிசையில் முந்தியவன் என்று மட்டும் பொருள் கொள்வதில்லை. பாரதப் போரின் துயரமெல்லாம் முறை தவறிய இடங்களில்தான் பொங்குகிறது. ஒருவனை ஒருவன் எதிர்க்க வேண்டிய களத்தில் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொல்கிறார்கள். சகதியில் புதைந்த தேர்ச்சக்கரத்தைத் தூக்கும்வரை பொறு என்று கர்ணன் கேட்கிறான். அவன் கேட்டது தன் முறையை, அது மறுக்கப்படுகிறது. கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற முறையை மீறித்தான் வீமன் துரியோதனனின் தொடையைப் பிளக்கிறான். இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஊர் கர்ணனுக்காகக் கலங்குவது, முறை என்று ஒன்று இருந்தது, அது மீறப்பட்டது என்று கண்முன் தெரிவதால்தான். முறை இல்லாத களத்தில் மீறலும் இல்லை. வேட ஆட்டங்களில் இதை நன்றாக உணர்ந்த ஒரு படைப்பு, டோபி ஃபாக்ஸ் 2015-ல் வெளியிட்ட அண்டர்டேல். எதிரிகளைக் கொல்லாமலே முடிக்கக்கூடிய அந்த முறையாட்டத்தில், எல்லாரையும் கொன்றுகொண்டே போனால் கடைசியில் சான்ஸ் என்ற எலும்புக்கூட்டு வீரன் எதிரே நிற்கிறான். ஆடுபவரின் முறை வருவதற்கு முன்பே தாக்குகிறான். முடிவில் தன்னுடைய முறையை முடிக்காமலே நின்றுவிடுகிறான். தன் முறை முடியாவிட்டால் கொலைகாரனுக்கு முறை வராது என்பது அவன் கணக்கு. அவன் கண்ணயர்ந்த நேரத்தில், தனக்கு முறை வராமலே ஆடுபவர் அடிக்க முனைய வேண்டும். தான் செய்ததன் எடை அந்த நொடியில் ஆடுபவர் தலையில் இறங்குகிறது. இத்தனை பெரிய குற்ற உணர்வை எழுப்ப உடனடிச் சண்டையால் முடிந்திருக்காது. அங்கே மீறுவதற்கு முறை என்று ஒன்று இருந்திருக்காது.

இரண்டாம் வழக்கான கதைத் தடத்துக்கு வரும்போது கூத்தையே மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் உள்ள நம் ஊர்களில் திருவிழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் கிடப்பான், வீமன் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். இதில் ஒரு எழுத்துகூட மாறாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கதையின் முடிவு தெரிந்ததால் ஒருவர்கூட எழுந்து போவதில்லை. நேர்த்தடக் கதை என்பதாலேயே ஒரு படைப்பு தாழ்ந்தது என்ற தீர்ப்பை இந்த ஒரு சான்றே அசைக்கும். கூத்துப் பார்ப்பவர் பார்வையாளர்தானே, ஆடுபவர் இல்லையே, அவர் எதையும் தீர்மானிப்பதில்லையே என்ற மறுப்பு நியாயமானது. அதற்குப் பதிலைக் கூத்தாடுபவரிடம் தேட வேண்டும். கர்ணன் வேடம் கட்டியவருக்குத் தான் சாகப்போவது தெரியும். ஆனால் திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிப்படுவதை எவ்வளவு நீட்டுவது, எந்தப் பாட்டை எந்த உக்கிரத்தில் எடுப்பது, தர்க்கத்தில் எதிராளிக்கு எப்படி ஈடுகொடுப்பது என்பதெல்லாம் அன்றைய இரவில் அவர் தீர்மானிப்பது. கட்டியங்காரனுக்கு உள்ளூர்ச் செய்தியையும் இழுத்துப் பேசும் உரிமை உண்டு. தடம் மூடியிருக்கிறது, தடத்தின்மேல் நடக்கும் நடை திறந்திருக்கிறது. நல்ல நேர்த்தட ஆட்டமும் ஆடுபவருக்கு இந்த உரிமையைத்தான் கொடுக்கிறது.

ஃபைனல் ஃபேன்டசி வரிசையிலேயே இதற்கு இரட்டைச் சான்று கிடைக்கிறது. 2001-ல் வந்த பத்தாம் ஆட்டம் ஏறக்குறைய முழுவதும் ஒற்றைப் பாதை. யாத்திரை போகும் ஒரு பெண்ணும் அவள் துணைவர்களும் ஊர் ஊராக முன்னே போய்க்கொண்டே இருக்கிறார்கள். உலகம் பின்பகுதியில்தான் திறக்கிறது. 2009-ல் வந்த பதின்மூன்றாம் ஆட்டமும் நீண்ட நேரம் ஒற்றைப் பாதை. பதினொன்றாம் அத்தியாயத்தில்தான் விரிந்த வெளி வருகிறது. முந்தையதை மக்கள் கொண்டாடினார்கள், பிந்தையதை நடைபாதை என்று ஏசினார்கள். பாதை ஒன்றென்றால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? பத்தாம் ஆட்டத்தில் சண்டை முழு முறையாட்டம். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற வரிசை திரையோரத்தில் தெரியும். நடுச்சண்டையில் ஆளை மாற்றி இறக்கலாம். அவசரப்படுத்த யாரும் இல்லை. கதை மூடிய இடத்தைச் சண்டை திறந்துவைத்தது. பதின்மூன்றாம் ஆட்டத்தில் ஆடுபவர் ஒருவரைத்தான் இயக்குவார், மற்றவர்கள் தாமாக ஆடுவார்கள். அவர் செய்ய வேண்டியதையும் கருவியே தேர்ந்து கொடுக்கும் பொத்தான் ஒன்று உண்டு. பட்டைகள் விரைந்து நிரம்பும். அணியின் வகுப்பை மாற்றும் நுட்பமான தீர்மானம் அதிலும் இருந்தது, ஆனால் அது முழுதாகக் கைக்கு வர நெடுநேரம் ஆயிற்று. பத்தாம் ஆட்டத்தில் ஊர்களும் அங்கே பேச ஆட்களும் நீருக்கடிப் பந்தாட்டமும் இருந்தன, அதனால்தான் பாதை உறுத்தவில்லை என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அந்த மறுப்பும் என் பக்கத்துக்கே வந்து சேர்கிறது. ஊரில் நின்று பேசுவதும் பந்தாடுவதும் ஆடுபவர் தம் விருப்பத்தில் செய்பவை. தடமும் மூடி, நேரமும் மூடினால் ஆடுபவருக்குக் கீழ்ப்படிவது தவிர வேறு வேலை இல்லை.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். கதையில் இரண்டிரண்டாகப் பிரியும் பத்து இடங்களை வைத்து, ஒவ்வொன்றையும் உண்மையிலேயே வேறு வழியில் கொண்டுபோனால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். எவராலும் முடியாது. அதனால் கிளைகளைப் பிரித்து மறுபடி ஒரே ஆற்றில் சேர்ப்பார்கள். திறமையாகச் சேர்த்தால் ஆடுபவருக்குத் தெரியாது. அவசரமாகச் சேர்த்தால் ஏமாற்றப்பட்ட கசப்பு மிஞ்சும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கிளைகளை வியக்கத்தக்க அளவுக்கு விரித்தது. ஆனால் அதைச் செய்த லாரியன் நிறுவனம் 2020-லேயே முற்பகுதியை ஆடுபவர்களிடம் கொடுத்து, மூன்று ஆண்டுகள் கேட்டுத் திருத்தி உழைத்தது. சிறு குழுவுக்கு அது எட்டாத செலவு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட வெண்பா எதிர்த்திசையில் சென்றது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு, இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்ற யோசனை; இவ்வளவுதான் களம். கதை ஒரே தடம், போரே கிடையாது, அவசரமும் கிடையாது. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த முதல் படைப்பு விருது அதற்குக் கிடைத்தது. ஒரு தமிழ்க் கதையை உலகம் உட்கார்ந்து ஆடியது அகன்ற உலகத்துக்காகவோ ஆயிரம் முடிவுகளுக்காகவோ இல்லை. இந்தியாவிலிருந்து 2020-ல் வந்த ராஜி, கோட்டைகளையும் சுவரோவியங்களையும் பாவைக்கூத்துக் காட்சிகளையும் அழகாகக் கோத்தது. அதுவும் ஒற்றைத் தடம், சண்டை முழுக்க உடனடி. என் மதிப்பீட்டில் அதன் காட்சிகள் மனத்தில் நின்ற அளவுக்கு அதன் சண்டைகள் நிற்கவில்லை. அந்தச் சண்டைகளில் ராஜி என்ற அதன் நாயகி யார் என்பது வெளிப்பட வழியில்லை.

இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, கட்டளையைத் தேர்ந்துவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள் என்பது நிறுவனங்கள் அடிக்கடி சொல்லும் காரணம். 2023-ல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 16-ஐ முழு உடனடி ஆட்டமாக்கியதற்கு அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதாவும் இதை ஒட்டியே பேசினார். நடந்தவை வேறு விதமாகச் சொல்கின்றன. பால்டர்ஸ் கேட் முதலிரண்டும் ஓடவிட்டு நிறுத்தும் வகை. மூன்றாவது முறையாட்டமாக மாறி, 2023-ன் சிறந்த ஆட்டமாகத் தி கேம் அவார்ட்ஸ் விருது பெற்றது. தெருச்சண்டைக்கே பேர்போன யாகூசா வரிசை 2020-ல் முறையாட்டமாயிற்று. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிடியின் இரண்டாம் பாகம் 2018-ல் ஓடவிட்டு நிறுத்தும் ஆட்டமாக வந்து, மறு ஆண்டு முறையாட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. ஜென்ஷின் இம்பாக்ட் என்ற உடனடி ஆட்டத்தால் 2020-ல் கைபேசிகளை நிறைத்த அதே சீன நிறுவனம், 2023-ல் ஹொங்காய் ஸ்டார் ரெயிலை முறையாட்டமாக வெளியிட்டது. இவற்றை ஆடியவர்களில் இளைஞர்களும் உண்டு. பொறுமை வயதைப் பொறுத்து வருவதில்லை. தீர்மானிக்க எதையாவது கொடுத்தால் வருகிறது.

நம் ஊர்ப்புறத்தில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2016-ல் மலிவான இணையம் வந்தபின் கைபேசியே ஆட்டக் களமாயிற்று. பப்ஜியை அரசு 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் தடைசெய்யும்வரை கிராமத்துப் பிள்ளைகள் அறிந்த பெரிய ஆட்டங்கள் அவையே; பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ 2022-ல் நீக்கப்பட்டு 2023-ல் திரும்பியது. அவை வேட ஆட்டங்கள் இல்லை. ஆனால் இணையத்தில் நடக்கும் உடனடிப் போட்டி எப்படிப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டின. சிக்னல் அரைநொடி பிந்தினால் செத்தாயிற்று; பத்தாயிரம் ரூபாய்க் கைபேசியும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கைபேசியும் ஒரே களத்தில் நின்றால் போட்டி தொடங்கும் முன்பே பாதி முடிந்துவிட்டது. முறையாட்டத்துக்கு அரைநொடி ஒரு பொருட்டில்லை. 2020 ஊரடங்கில் லூடோ கிங் பாட்டியிலிருந்து பேரன்வரை எல்லார் கையிலும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏரிக்கரையில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலும், கண் மங்கியவரும் கை நடுங்குபவரும் சமமாக உட்காரக்கூடிய களம் அது. முறை என்ற சொல்லுக்குள் நீதியும் இருக்கிறது என்பதை இங்கே இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு இது. வேடம் கட்டி ஆடும் ஆட்டத்துக்கு முறையே இயல்பான வடிவம். உடனடி வேகத்தை அதற்குள் கொண்டுவரலாம், கபடி கொண்டுவந்ததுபோல. முறையின் சட்டத்தை அது உடைக்காதவரை ஆட்டத்துக்கு உயிர் சேரும். கதை ஒரே தடத்தில் போவது குறை இல்லை; அந்தத் தடத்தின்மேல் ஆடுபவர் தீர்மானிக்க எதுவும் வைக்காததுதான் குறை. தமிழில் வேட ஆட்டம் செய்ய முனைபவர்கள் புதுச்சேரிப் பொறியியல் கல்லூரிகளிலும் வெளியிலும் வருங்காலத்தில் வரத்தான் போகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பெரிய உலகத்தையும் பாய்ந்து வெட்டும் வாளையும் வரையத் தொடங்கும் முன், கரித்துண்டால் திண்ணையில் 23 புள்ளி போடுங்கள். 15 புளியங்கொட்டையும் 3 கல்லும் எடுத்துக்கொண்டு, ஊரில் நன்றாக ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவரை எதிரே உட்காரச் சொல்லுங்கள். ஆட்டின் பக்கம் நீங்கள் ஆடுங்கள். ஏழெட்டு ஆட்டமாவது தோற்றுவிட்டு, பிறகு வந்து எழுதுங்கள்.